கரையும் மலையில் ஓர் அரைநாள்: மொராய் படிகளும் மாராஸ் உப்புப் பாத்திகளும்

பெரு நாட்டின் குஸ்கோ நகரில் பெரிய சதுக்கத்தைச் சுற்றி ஒரு நடை போனால், பத்தடிக்கு ஒருவர் கையில் ஓர் அட்டையைத் திணிப்பார். ‘மாராஸ், மொராய்: அரை நாள்’ என்று அதில் இருக்கும். ஒரு படத்தில் பூமிக்குள் இறங்கும் வட்ட வட்டமான பச்சைப் படிகள். இன்னொன்றில் மலைச்சரிவு முழுக்க வெள்ளையும் பழுப்புமாகச் சின்னச் சின்னப் பாத்திகள். காலை எட்டரை மணிவாக்கில் வேன் கிளம்பும். மதியம் இரண்டு, மூன்று மணிக்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும். மச்சு பிச்சுவுக்குப் போகுமுன் ஒரு நாள் மிச்சமிருக்கிறது, உயரத்துக்கு உடம்பு பழகட்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் ஏறுகிறார்கள். நானும் அப்படித்தான் ஏறினேன்.

வழிகாட்டி நிறையச் சொன்னார். ஸ்பானியர் வருமுன் இந்த மலைநாட்டை ஆண்ட இன்காக்களின் விவசாய ஆய்வுக்கூடம் மொராய், மாராஸில் மூவாயிரத்துக்கு மேல் உப்புப் பாத்திகள் என்று போகும் அந்தப் பேச்சு. ஆனால் கடலே இல்லாத மலைநாட்டில் உப்பு எப்படி வந்தது, இந்த இரண்டு இடங்களும் ஏன் இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று எங்கள் வேனில் யாரும் கேட்கவில்லை. ஊர் திரும்பிப் படித்துப் பார்த்தபோதுதான் இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது தெரிந்தது. தண்ணீரில் கரையும் பாறைதான் அந்த வேர்.

தரைக்கு அடியில்

குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் மாராஸ் என்ற சிற்றூர். சின்செரோ வழியாகப் போகும் சாலை ஒரு மேட்டுச் சமவெளியில் ஓடுகிறது. செம்மண், உருளைக்கிழங்கு வயல், பார்லி வயல், தூரத்தில் பனி மூடிய சிகரங்கள். சமவெளியின் வடக்கு விளிம்பு சட்டென்று சரிந்து உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கிவிடும். மொராய் சமவெளியின் மேலேயே இருக்கிறது. உப்புப் பாத்திகள் ஆற்றை நோக்கி இறங்கும் ஓர் ஓடைப் பள்ளத்தில் இருக்கின்றன.

ஆண்டீஸ் மலை இன்றைய உயரத்துக்கு எழும்புவதற்கு வெகு முன்பு, பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இங்கே ஆழமில்லாத நீர்ப்பரப்புகள் தேங்கி வற்றின. அப்போது படிந்த சுண்ணாம்புப் பாறை, ஜிப்சம், களிமண், உப்பு எல்லாம் அடுக்கடுக்காக இன்னும் கீழே கிடக்கின்றன. கருங்கல் மேல் பெய்த மழை வழிந்து ஓடிவிடும். சுண்ணாம்பிலும் ஜிப்சத்திலும் அது விரிசலுக்குள் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, உள்ளே பொந்தாக்கும். பொந்தின் கூரை அமிழ்ந்தால் மேலே நிலத்தில் கிண்ணம் போல ஒரு பள்ளம் விழும். அதே மழைநீர் உப்பு அடுக்கைத் தொட்டுக்கொண்டு போனால், எங்கோ கீழே உப்பு ஊற்றாக வெளிப்படும்.

நிலம் அமிழ்ந்த இடம் மொராய். உப்பு வெளியே வந்த இடம் மாராஸ். இரண்டு இடத்திலும் மனிதர்கள் செய்த வேலை ஒன்றேதான்: சரிவைப் படிகளாக வெட்டி, வாய்க்கால் வழியே தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நோக்கம் மட்டும் நேர் எதிர். மொராயில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும். மாராஸில் ஒரு சொட்டுகூட இறங்கக் கூடாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வேனை விட்டு இறங்குங்கள். மற்றது பார்க்கப் பார்க்கத் தானே புரியும்.

மொராய்

முதலில் படி வயல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். செங்குத்தான சரிவில் நேராக விதைத்தால் முதல் பெருமழை மண்ணையும் விதையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் ஆளுயரத்துக்கு ஒரு கல் சுவர் எழுப்பி, அதற்குப் பின்னால் மண் நிரப்பி, சமதளமாக்கி விதைக்கிறார்கள். அதற்கு மேல் இன்னொரு சுவர், இன்னொரு வயல். ஸ்பானியர்கள் இவற்றை ‘ஆண்டெனெஸ்’ என்றார்கள். ஆண்டீஸ் மலைப் பெயரே அதிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

வெளியிலிருந்து பார்த்தால் கல்லும் புல்லும்தான். நுட்பமெல்லாம் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அடியில் பெரிய கற்கள், அதன் மேல் சரளை, அப்புறம் மணல், எல்லாவற்றுக்கும் மேலே வளமான மண். பூந்தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லைப் போட்டு வைப்போமே, அதே யோசனைதான். மேல் மண் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சியது கீழே கசிந்து போகும். அப்படிப் போக வழியில்லை என்றால், ஊறிய மண்ணின் எடை ஒரே மழைக்காலத்தில் சுவரைத் தள்ளிச் சாய்த்துவிடும். சுவர்களும் செங்குத்தாக நிற்கவில்லை, மலைப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்கின்றன.

கல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இந்த உயரத்தில் பகல் வெயில் தோலைச் சுடும், ஜூன் மாத இரவில் நீர் உறையும். பகலில் சூடேறிய கல் இரவில் அதை மெல்ல விட்டுக்கொடுக்கிறது. பக்கத்தில் நிற்கும் பயிருக்கு உறைபனியிலிருந்து அவ்வளவுக்காவது பாதுகாப்பு.

இன்கா நாட்டில் படி வயல்களுக்குப் பஞ்சமில்லை. பீசாக்கில் மலையையே மூடியிருக்கின்றன. மொராயின் தனித்தன்மை, அவை மலையேறாமல் குழிக்குள் இறங்குவது. பெரிய கிண்ணம் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம், பத்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகப் புதைத்தால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு. பக்கத்தில் சற்றுச் சிறிய கிண்ணங்களும் இருக்கின்றன. படத்தில் பார்க்கும்போது இந்த அளவு பிடிபடாது. நான் விளிம்பில் நின்றபோது அடி வட்டத்தில் ஒருவர் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். எறும்பு அளவுக்குத் தெரிந்தார். அதன் பிறகுதான் ஒவ்வொரு சுவரும் எவ்வளவு உயரம் என்று உறைத்தது.

பள்ளங்களை இன்காக்கள் முழுதாகத் தோண்டவில்லை. நிலம் ஏற்கெனவே அமிழ்ந்து கொடுத்த கிண்ணத்தைச் செதுக்கி, சுவர் கட்டி, நிரப்பி ஒழுங்காக்கினார்கள். அது ஒன்றும் குறைந்த வேலை இல்லை.

சுவரை உற்றுப் பார்த்தால் நான்கைந்து கற்கள் வரிசையாக, ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறுமுகமாக, வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். கட்டி முடிக்காமல் விட்டதோ என்று தோன்றும். அவைதான் படிக்கட்டு. நீளமான கல்லின் ஒரு பாதியைச் சுவருக்குள் புதைத்து, மறு பாதியைக் கால் வைக்க விட்டிருக்கிறார்கள். விளைநிலத்தில் ஒரு முழம்கூடப் படிக்கட்டுக்குப் போகாது. மொராயில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கற்கள்தான். அவற்றில் ஏறிப் பார்க்க அனுமதி இல்லை. பார்வையாளர் பாதை விளிம்பிலேயே சுற்றி வருகிறது.

அடுத்தது, எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் அந்த 15 டிகிரி. கிண்ணத்தின் மேல் விளிம்புக்கும் அடிக்கும் வெப்பநிலையில் 15 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் உண்டு, ஆகவே ஒவ்வொரு வட்டத்திலும் வெவ்வேறு உயரத்தின் தட்பவெப்பத்தை உண்டாக்கிப் பயிர்களைச் சோதித்தார்கள் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பொதுவாக 100 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சுமார் 0.65 டிகிரி குறையும். அப்படியென்றால் 30 மீட்டருக்குக் கால் டிகிரிகூட வராது. ஆக, உயரத்தால் வரும் வித்தியாசம் இல்லை இது. எந்த வட்டத்தில் எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது, எங்கே சுவரின் நிழல், எங்கே காற்று தடைபடுகிறது, எந்த மண் ஈரமாக இருக்கிறது, இவைதான் மண்ணின் சூட்டை மாற்றுகின்றன. பெரு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஜூன் மாத நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். ஒரு பக்கச் சுவர் முழு வெயிலில் காயும்போது எதிர்ப்பக்கத்தில் நிழல் கிடக்கும். இரவிலோ குளிர்ந்த காற்று கனமாகி குழிக்குள் வந்து தேங்கும். ‘கீழே போகப் போகச் சூடு’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிற சமாசாரம் இல்லை.

ஆய்வுக்கூடம் என்ற கருத்தை 1970-களில் ஜான் எர்ல்ஸ் என்ற மானுடவியலாளர் மண்ணின் வெப்பநிலை வேறுபாடுகளை வைத்து முன்வைத்தார். வழிபாட்டு இடம் என்பவர்களும் இருக்கிறார்கள். இன்காக்களிடம் நமக்குத் தெரிந்த வகையில் எழுத்து இல்லை. கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள், அதில் மொராயைப் பற்றி எதுவும் நம் கைக்கு வரவில்லை. என்னைக் கேட்டால், ‘ஆய்வுக்கூடம்’ என்பது இக்காலத்து ஆசை கலந்த சொல். ஒரே வயலில் இத்தனை வகை வெயிலும் நிழலும் வைத்திருக்கும் விவசாயி, எந்த விதை எங்கே பிடிக்கிறது என்று கவனிக்காமல் இருக்கமாட்டார். அதற்குத் தனியாக ஆய்வுக்கூடம் என்று பலகை மாட்ட வேண்டியதில்லை. ஆண்டீஸ் நாடுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட நாட்டு உருளைக்கிழங்கு வகைகள் இருப்பதும், சரிவுக்குச் சரிவு வெயிலும் குளிரும் மாறும் இந்த மண்ணில்தான்.

எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம், குழி குளமாகாமல் இருப்பது. மேலேயுள்ள ஊற்றுகளிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் கொண்டுவந்து வட்டத்துக்கு வட்டம் இறக்கியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் வானத்திலிருந்தும் கொட்டும். வெளியேற வாய்க்கால் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அடி வட்டத்தில் தண்ணீர் நிற்பதில்லை. கரையும் பாறை இங்கே கைகொடுக்கிறது: பள்ளத்தை உண்டாக்கிய அதே விரிசல்கள் நீரையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2009-10 மழைக்காலத்தில் வழக்கத்துக்கு மீறிப் பெய்ததில் அடிமண் ஊறி உப்பி, பெரிய கிண்ணத்தின் கிழக்குப் பக்கச் சுவர்கள் சரிந்தன.

மாராஸ்

மொராயிலிருந்து மாராஸ் ஊருக்குள் புகுந்து போக வேண்டும். தெருவில் சில பழைய வீடுகளின் கல் நிலைப்படிக்கு மேலே ஸ்பானியர் காலத்துக் குடும்பச் சின்னங்கள் செதுக்கியிருக்கும். வேன் அங்கே நிற்காது. ஊரைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பும்போது எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்ப்பார்கள். செம்மண் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளம் முழுக்க உப்பு.

இந்த உப்புக்கெல்லாம் ஒரே ஓர் ஊற்றுதான் தாய். கோரிபுஹியோ என்று பெயர். இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழியில் ‘கோரி’ என்றால் தங்கம். மலைக்குள் உப்பு அடுக்கைக் கரைத்துக்கொண்டு வெதுவெதுப்பாக வெளியே வருகிறது. பெரிய நீர்வீழ்ச்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். நான் பார்த்த வாய்க்கால் இரண்டு கை அகலம்தான். கரையோரம் உப்பு தடித்து, உருகி வழிந்து நின்ற மெழுகு போல இருந்தது. தண்ணீரோ கண்ணாடித் தெளிவு. வழிகாட்டி தொட்டுப் பார்க்கச் சொன்னார். விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு என்று உறைப்பதற்கு முன்பே வாய் கசந்து சுருங்கிவிட்டது. ஐந்து நிமிடத்தில் விரல் காய்ந்து, ரேகைகளில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. மாராஸில் நடக்கும் தொழில் முழுவதும் அந்த விரலிலேயே நடந்து முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

விளக்கமாகச் சொன்னால், ஒரு கிலோ தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். நீர் ஆவியாகி அந்த எல்லை தாண்டினால், மிஞ்சிய உப்பு படிகமாக வெளியே வந்தாக வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்குத்தான் உப்பு. அதனால் கடலோர உப்பளங்களில் பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றி நீரைச் செறிவாக்குவதே பெரிய வேலை. இங்கே அந்த வேலையில் பெரும்பங்கை மலையே செய்து கொடுத்துவிடுகிறது. மெல்லிய உலர்ந்த காற்றும் சுள்ளென்ற வெயிலும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

ஒரு பாத்தி சராசரியாக ஐந்து சதுர மீட்டர், ஆழம் 30 சென்டிமீட்டருக்குள். களிமண்ணை மிதித்து இறுக்கிய அடித்தளம், உப்பேறிக் கல்லான வரப்பு. வாய்க்காலிலிருந்து பாத்திக்குள் ஒரு சின்ன வாய். அதைத் திறந்து நீரை விட்டு, நிரம்பியதும் மண்ணையோ கல்லையோ வைத்து அடைத்துவிடுவார்கள். சில நாளில் வற்றும், மறுபடி திறப்பார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் இப்படி மாற்றி மாற்றிச் செய்ததும் ஒரு சாண் பாதி அளவுக்கு உப்பு கட்டிவிடும். அதை மரக்கட்டையால் அடித்து உடைத்து, சுரண்டிக் குவித்து, மூட்டையாக்கித் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். பாத்திகளுக்கு நடுவே வண்டி போகாது. வரப்பில் ஓர் ஆள் நடக்கத்தான் இடம்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு மேலே நின்று பார்த்தால் அந்த வண்ணத் துண்டுகளைப் படிக்க முடியும். வானத்தைக் காட்டும் பழுப்புக் கண்ணாடி, இன்றோ நேற்றோ நீர் விட்ட பாத்தி. மோர் தெளித்தது போலக் கலங்கலாக இருப்பது பாதி வற்றியது. கண் கூசும் வெள்ளை, சுரண்டத் தயார். செக்கச் செவேல் என்று வெறும் மண்ணாகக் கிடப்பது யாரோ விட்டுவிட்டுப் போனது.

சுரண்டும்போது மூன்று தரமாகப் பிரிகிறது. மேற்பரப்பில் மிதக்கும் மெல்லிய படிகம் ‘உப்புப் பூ’, விலை அதிகம். அதற்குக் கீழே இளஞ்சிவப்பு அடுக்கு, சமையலுக்கு. அடிமண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் பழுப்பு உப்பு கால்நடைக்கும், வெந்நீரில் போட்டுக் கால் வைத்து உட்காரவும். சிவப்புக்குக் காரணம் மண்ணிலுள்ள தாதுக்கள். ‘அதிசய மருத்துவ உப்பு’ என்று கடைகளில் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வறுத்த சோளத்தில் தூவிக் கொடுத்தார்கள். அதற்கு நன்றாகவே இருந்தது.

பாத்திகள் மாராஸ், பிச்சிங்கோட்டோ என்ற இரண்டு ஊர்க்காரர்களின் குடும்பச் சொத்து. தலைமுறையாகக் கைமாறுகின்றன, வெளியூர்க்காரர் வந்து விலைக்கு வாங்க முடியாது. தண்ணீர் எல்லாருக்கும் பொது என்பதால் வாய்க்காலைப் பார்த்துக்கொள்வதும் பொது வேலை. இன்காக்களுக்கு முன்பிருந்தே இங்கே உப்பு எடுத்ததாகச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் பயணிகளும் வரப்பில் நடந்து போகலாம். செருப்புத் தூசியும் குப்பையும் உப்பில் விழுந்ததால் 2019-இலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். சாப்பிடுகிற பொருள் காயும் இடம், நிறுத்தியது சரிதான்.

உப்பைக் கெச்சுவாவில் ‘காச்சி’ என்பார்கள். இன்காக்களின் தோற்றக் கதையில் குகையிலிருந்து வெளிவந்த நான்கு சகோதரர்களில் ஒருவன் பெயர் அயார் காச்சி. இன்னொருவன் அயார் உச்சு. ‘உச்சு’ என்றால் மிளகாய். அயார் காச்சியின் முரட்டுப் பலத்துக்குப் பயந்து மற்றவர்கள் அவனைத் தந்திரமாகக் குகைக்குள் அனுப்பிக் கல்லால் அடைத்துவிட்டார்கள். அவன் அழுத கண்ணீர்தான் மாராஸ் ஊற்று என்று உள்ளூரில் ஒரு கதை ஓடுகிறது. அதே இன்காக்கள் விரதம் இருந்தபோது விட்டது உப்பையும் மிளகாயையும்தான். இதை மட்டும் நம்மவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

போவதற்கு முன்

மொராய்க்குக் குஸ்கோவின் பொதுச் சுற்றுலாச் சீட்டு வேண்டும். உப்புப் பாத்திகளுக்கு அது செல்லாது, ஊர்க்காரர்கள் வாசலில் தனியாக வசூலிக்கிறார்கள். எங்களுக்கு அட்டை கொடுத்தவர் எல்லாம் சேர்த்துத்தான் என்று சொல்லியிருந்தார். வாசலில் போய் நின்றபோதுதான் எதுவும் சேரவில்லை என்று தெரிந்தது. கையில் சில்லறையாகப் பெருவின் நாணயமான சோல் வைத்துக்கொள்ளுங்கள்.

குஸ்கோவில் இறங்கிய அன்றே கிளம்ப வேண்டாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மொராய் அதைவிடச் சற்று உயரம். விளிம்பைச் சுற்றி ஏறி வருவதற்குள் தலை கிறுகிறுக்கும், பெருமூச்சு வாங்கும். ஒரு நாளாவது தங்கி, மெதுவாக நடந்து, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போங்கள். கோக்கா இலைத் தேநீர் எல்லா விடுதியிலும் கிடைக்கும், குடிக்கலாம். கொக்கெய்ன் எடுப்பதும் இதே இலையிலிருந்துதான், அதனால் இலையை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். தொப்பி அவசியம்.

சில வேன்கள் வழியில் சின்செரோவில் நெசவு காட்ட நிறுத்தும். அரைநாள் பயணத்தில் முக்கால் மணி நேரம் அங்கேயே போய்விடும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நடக்கப் பிடித்தவர்கள் உப்புப் பாத்திகளோடு வேனை விட்டுவிட்டு, ஓடைப் பள்ளத்தின் வழியே உருபம்பா ஆறு வரை இறங்கிப் போய்விடலாம். முழுக்க இறக்கம்தான்.

எந்த மாதம் போவது என்பதில்தான் சிக்கல். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. மொராய் அப்போது பசுமையின் உச்சத்தில் இருக்கும். உப்புப் பாத்திகளோ மழைநீரில் கரைந்து வெறும் சேற்றுக் குட்டைகளாகக் கிடக்கும், வேலையும் நடக்காது. ஆகஸ்ட், செப்டம்பரில் பாத்திகள் பளீரென்று வெளுத்திருக்கும். மொராயில் புல் காய்ந்து வைக்கோல் நிறமாகியிருக்கும். நான் போனது ஜூலையில், உப்பு அருமை, புல் பாதிதான் பச்சை. மே மாதம் போகிறவர்களுக்கு இரண்டும் கிடைக்கும்: படிகளில் மழைக்காலத்துப் பச்சை இன்னும் வாடியிருக்காது, கீழே பாத்திகளைச் சேறு வழித்து, மிதித்து இறுக்கி, அந்த வருடத்தின் முதல் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருப்பார்கள்.